சாவிக்காரி

பாறைக்கு அடியில் வைக்கலாம் என்றான் கசாலி.
பனி இறங்கினால் பாறை எல்லாம் ஒரே பாறைதான்,
எதற்கு அடியில் என்று தேடுவாய் என்றாள் தமிழ்ப்பாவை.

முன்சக்கரத்தின் மேல் வைப்பது
எல்லாத் திருடர்களுக்கும் தெரிந்த இடம்.
குரங்குகளுக்கும்.
போன தை மாதம் கூக்கால் ஏரிப் பக்கம்
ஒரு கடுவன் அதை எடுத்துக்கொண்டு போய்
யூகலிப்டஸ் கிளையில் உட்கார்ந்து
பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தது.
கீழே தமிழ்ப்பாவையின் கார்
கண் சிமிட்டிக் கண் சிமிட்டி
அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
நாற்பது நிமிடம். இரண்டு சீப்பு மலைவாழை.

கால்சட்டைப் பையிலேயே கொண்டுபோகலாம்தான்.
ஆனால் ஆந்தைப்புடவில் ஓர் இடம் இருக்கிறதாம்,
மூச்சை முழுக்க வெளியே விட்டால்தான்
மார்பு உள்ளே நுழையுமாம்.
அங்கே பெல்ட் கொக்கிகூடச் சதையில் இறங்கும்.
அதைத் தாண்டினால் இடுப்பளவு தண்ணீர்.
இந்தக் காலத்துச் சாவிக்கு உள்ளே பேட்டரி;
நனைந்தால் எட்டாயிரம் ரூபாய்,
மதுரைக்கு இரண்டு நடை.

பலூனில் போட்டு முடிச்சுப் போடலாம்.
அரைஞாண் கயிற்றில் கோக்கலாம்.
பேசிப் பேசி
பண்ணைக்காட்டில் குடித்த காபி
வயிற்றுக்குள்ளேயே ஆறிவிட்டது.

அப்புறம் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு உள்ளே போகும் எண்ணமே இல்லை.
பயமா என்றால், பயம்தான்.
லிஃப்டில் ஏறினால் மாடி எண்ணை விட்டுக் கண் எடுக்காதவள் நான்.
கையை நீட்டினேன்.
கார், எங்கள் ஜீப், கசாலியின் புல்லட்.
மூன்று சாவியும் மூன்று விதமான சூடு.

"நாலரைக்குள் வராவிட்டால்
தாண்டிக்குடி வனத்துறை ஆபீஸில் போய்ச் சொல்லு"
என்றார் பெர்க்மான்ஸ்.
ஹெல்மெட் விளக்கை ஒருமுறை என் கண்ணில் அடித்துவிட்டு
முதலில் தலை, பிறகு முதுகு,
கடைசியாக பூட்ஸின் அடிப்பக்கம்,
தபால்பெட்டிக்குள் கடிதம் போவதுபோல் போனார்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது:
எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

ஸ்வெட்டர் பையில் ஓட்டை. அதனால் சாவிகள் கையிலேயே.
இரண்டு மணிக்குக் காபித் தோட்டம் தெரிந்தது.
மூன்றுக்கு வேலி மட்டும்.
மூன்றே காலுக்கு ஒரு காட்டுமாடு வந்து
எனக்கும் ஜீப்புக்கும் நடுவே நின்றது,
டோக்கன் வாங்கிவிட்டு உட்கார இடம் கிடைக்காததுபோல்.
நான் அசையவில்லை. அதுவும்.
பிறகு சாணி போட்டுவிட்டு இறங்கிப் போனது.

போனில் கோடு இல்லை.
புடவின் வாயில் வௌவால் எச்ச நாற்றம் மட்டும்
உள்ளேயிருந்து வந்து வந்து போனது.
குனிந்து கூப்பிட்டுப் பார்த்தேன்.
என் குரலைக் கொஞ்சம் தடிக்க வைத்துத் திருப்பி அனுப்பியது.

நாலரை.
நாலு முப்பத்தெட்டு.

கார் ஆகாது, பிரேக்கை மிதித்துக்கொண்டு
எதையோ அமுக்க வேண்டும்.
புல்லட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.
பத்தொன்பது வருடம் பக்கத்து இருக்கையிலிருந்து
அவர் இடது காலைப் பார்த்திருக்கிறேன்.
ஜீப்பில் ஏறினேன்.

முதல் முறை, ஆடு துள்ளுவதுபோல் துள்ளி அணைந்தது.
இரண்டாம் முறை, ஒலி மட்டும்.
மூன்றாம் முறை நகர்ந்தது,
நிஜமாகவே நகர்ந்தது,
ஒரு வாழைக்கன்று சாய, புடவை நோக்கி
ஆறடியோ ஏழடியோ.
நின்றதா, நான் நிறுத்தினேனா, தெரியாது.
விளக்கைப் போட்டு
ஹாரனில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன்.

வெளிச்சத்துக்குள் முதலில் வந்தது ஒரு கை.
யாருடையது என்று தெரியாத அளவுக்குச் சேறு.
பிறகு மூன்று பேர். எண்ணினேன்.
திரும்ப எண்ணினேன்.

"சாவி பத்திரமா?" என்றார்.
"பத்திரம்."
ஜீப்பைப் பார்த்தார். சாய்ந்த கன்றைப் பார்த்தார்.
"இங்கேயா நிறுத்தினோம்?"

காருக்கு ஒன்று, புல்லட்டுக்கு ஒன்று,
இரண்டு சாவியைக் கொடுத்தேன்.